ஒரு புசல் நெல்லுக்கு என்ன விலை?

முருங்கனும் வங்காலையும் நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவுக்குள்தான் இருக்கின்றன. முருங்கன் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வங்காலை கடலை நம்பி வாழும் ஊர். நெல் விலை கிலோவுக்குப் பத்து ரூபா ஏறினால் முருங்கன் கமக்காரர் விதைப்புக்கு வாங்கிய கடனில் ஒரு பங்கை அடைத்துவிடுவார். அதே பத்து ரூபா ஆலைக்குள் நெல்லாகப் போய் அரிசியாக வெளியே வரும்போது பதினைந்து ஆகியிருக்கும், ஏனென்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல் கரையில் இருக்கும் வங்காலைக் குடும்பம் அந்தப் பதினைந்து ரூபாவையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அன்றைய சோற்றை ஆக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே பிரதேச செயலகம். பிள்ளைகள் நாளை ஒரே பரீட்சை மண்டபத்தில் உட்காரக்கூடும். ஆனாலும் ஒருவரின் ஆறுதல் மற்றவருக்குச் சுமையாகிறது. இவர்களுக்குப் பின்னால் கொழும்பில் திறைசேரி இருக்கிறது. அரிசியை வெளியே வாங்கினால் டொலர் போகும். உள்ளூரில் விளைவிக்க மானியம் கொடுத்தால் வரிப்பணம் போகும். ஏழையின் பசி, உழவனின் ஊக்கம், நாட்டின் கையிருப்பு ஆகிய மூன்றையும் ஒரே தானியத்தின் மேல் ஏற்றிவைத்து எண்பது ஆண்டுகளாக இலங்கை நடத்திவரும் பரிசோதனையைப் போல உலகில் அதிகம் இல்லை. பொருளியலில் எனக்கு மிகவும் வியப்பைத் தருகிற ஓர் உண்மையை இந்த வயல்களை வைத்தே விளங்கப்படுத்தலாம்.

முதலில் மண். முருங்கன் மண் கறுத்த களிமண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பட்டதும் வீங்கி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். இந்தக் களியின் நுண்தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்குவதால்தான் மண் இப்படிப் பருக்கிறது. ஒருமுறை வீங்கிவிட்டால் மேலே நிற்கும் தண்ணீர் கீழே இறங்குவது அரிது. நெல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இலங்கையில் இத்தகைய மண் பரந்து கிடக்கும் இடங்கள் மிகச் சில. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கிய காலத்தில் அதற்கான களிமண் முருங்கனிலிருந்துதான் போனது.

அடுத்தது தண்ணீர். அநுராதபுரப் பக்கத்தில் மல்வத்து ஓயா என்று பெயர்பெற்ற ஆறு, மன்னார் எல்லைக்குள் அருவி ஆறு ஆகிறது. அதைத் தேக்கம் என்ற இடத்தில் அணைகட்டி மறித்திருக்கிறார்கள். வடகரையிலிருந்து ஒரு கால்வாய் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. தென்கரையிலிருந்து இன்னொன்று அகத்திமுறிப்புக் குளத்துக்குப் போகிறது. மிஞ்சுவது அணைக்கு மேலாகப் பாய்ந்து கடலுக்குப் போகிறது. கட்டுக்கரையிலிருந்து புறப்படும் வாய்க்கால்கள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்ப, அவற்றின் துருசுகளிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரிகிறது. குளத்தின் தொடக்கத்தை ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேனனோடு சேர்த்துச் சொல்வார்கள். தூர்ந்து கிடந்த குளத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் திருத்தத் தொடங்கினார்கள். தேக்கத்துக் கதவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பிறகு அவை தேவைப்படும்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. 1942 இல் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் நம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்க்கைக்குள் அப்படித்தான் நுழைந்தன. போர் முடிந்த பிறகும் கூப்பன் அரிசி நிற்கவில்லை. நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை என்பதே சரி. 1948 இல் மறுபக்கத்தில் இன்னொரு திட்டம் வந்தது. உழவர் நெல்லை அரசாங்கம் ஓர் உத்தரவாத விலைக்கு வாங்கும். 1952 இல் அந்த விலை புசலுக்குப் பன்னிரண்டு ரூபா ஆனது.

ஒரு புசல் நெல் என்பது சுமார் இருபத்தொரு கிலோ. குத்தினால் ஏறக்குறையப் பதினாறு கொத்து அரிசி தேறும். பன்னிரண்டு ரூபாவைப் பதினாறால் வகுத்தால் கொத்துக்கு எழுபத்தைந்து சதம் வருகிறது, ஆலைக்கூலியும் லொறிக்கூலியும் சேர்க்காமலே. அதே அரிசியைச் சங்கக்கடையில் அரசாங்கம் கொத்து இருபத்தைந்து சதத்துக்கு விற்றது. நானாட்டானில் வயல் வைத்திருந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விளைந்த நெல்லை எல்லாம் எழுபத்தைந்து சதக் கணக்கில் விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய கூப்பன் அரிசியை இருபத்தைந்து சதத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். சொந்த வயல் நெல்லை வீட்டில் குத்திச் சாப்பிடுவது அவர்களுக்கு நட்டம்! எந்தக் குடும்பமும் இதில் தவறு செய்யவில்லை. அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட இரண்டு எண்கள் அதைத்தான் செய்யச் சொல்லின.

கொத்து ஒன்றுக்கு விழுந்த ஐம்பது சதத்துக்கும் மேற்பட்ட அந்த இடைவெளியைத் திறைசேரி தாங்கியது. கொரியப் போரின்போது இறப்பர் விலை உச்சத்தில் இருந்தவரை தாங்கவும் முடிந்தது. பிறகு இறப்பர் விழுந்தது. உலகச் சந்தையில் அரிசி ஏறியது. 1952 இன் இறுதியில் சீனாவோடு இறப்பருக்கு அரிசி என்ற ஒப்பந்தத்தைச் செய்தும் ஓட்டை அடைபடவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கொத்து அரிசியை ஒரேயடியாக எழுபது சதமாக்கினார். ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். இன்றுவரை இலங்கை அரசியல்வாதிகளுக்கு அரிசி விலையைத் தொடப் பயம் இருக்கிறதென்றால், அது அந்த நாளில் பிடித்த பயம்.

பன்னிரண்டு ரூபா விலை அறிவிக்கப்பட்ட அதே 1952 இல், நெதர்லாந்தில் யான் டின்பெர்கன் பொருளாதாரக் கொள்கை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவர் இயற்பியல் படித்தவர்; லைடன் பல்கலைக்கழகத்தில் எரன்ஃபெஸ்டிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கற்ற ஒன்றைத்தான் அவர் அரசாங்கத்தின் மேல் வைத்துப் பார்த்தார். தெரியாத கணியம் ஒன்றே ஒன்றாக இருக்க, அது மூன்று சமன்பாடுகளுக்கும் பொருந்த வேண்டும் என்றால் பெரும்பாலும் தீர்வு இராது. ஓர் அரசாங்கத்துக்கு மூன்று இலக்குகள் இருந்தால், ஒன்றையொன்று சாராமல் திருகக்கூடிய மூன்று கருவிகளாவது அதன் கையில் இருக்க வேண்டும். இதற்குத்தான் டின்பெர்கன் விதி என்று பெயர். பொருளியலுக்கான முதல் நோபெல் பரிசு 1969 இல் ராக்னர் ஃபிரிஷோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது.

இப்போது தேக்கத்துக்கு வாருங்கள். அணையில் ஒரேயொரு கதவு மட்டும் இருந்து, அதிலிருந்து கட்டுக்கரைக்கும் அகத்திமுறிப்புக்கும் ஒரே வாய்க்கால் போனதென்று வைப்போம். கட்டுக்கரை நிரம்பும் மட்டும் கதவைத் திறந்தால் அகத்திமுறிப்பு உடைக்கலாம். அகத்திமுறிப்பைப் பார்த்து மூடினால் கட்டுக்கரை வயல் காயும். கதவைத் திருகுபவர் எவ்வளவு நேர்மையானவராக, கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் முடியாது. அதனால்தான் கரைக்கு ஒரு கதவு வைத்தார்கள். அரிசி விலை என்ற ஒரே கதவைத் திருகி ஏழைக்கும் உழவனுக்கும் திறைசேரிக்கும் அளந்து விடலாம் என்று நம்பியதுதான் 1953 இல் உடைத்தது.

சமூகநலம் வேண்டுமா, பொருளாதார ஊக்கம் வேண்டுமா என்று மேடைகளில் பட்டிமன்றம் போல் பேசப்படுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தீரும் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே கருவியை வைத்துக்கொண்டு இழுபறிப்படும்வரைதான் அது உண்மை.

இதற்குச் சான்று இலங்கை வரலாற்றிலேயே உண்டு. 1966 டிசம்பரில் மீண்டும் பிரதமராக இருந்த டட்லி சேனாநாயக்க ஒரு மாற்றம் செய்தார். அதுவரை ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு கொத்து அரிசி, கொத்து இருபத்தைந்து சதத்துக்குக் கிடைத்தது. இனி ஒரு கொத்துத்தான். ஆனால் அது இலவசம். இரண்டாவது கொத்தை வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். பார்வைக்கு இது வெறும் வெட்டு. உள்ளே நடந்தது வேறு. கையில் ஒரு சதமும் இல்லாதவருக்கும் ஒரு கொத்து நிச்சயமானது. இரண்டாவது கொத்துக்கு மக்கள் உண்மையான விலை கொடுக்க வேண்டி வந்ததால் அந்த விலை உழவனிடம் போய்ச் சேர்ந்தது. புதிய நெல்லினங்களும் பசளையும் உழவு இயந்திரமும் அதே காலத்தில் வந்து சேர, 1965 இல், மழை பொய்த்த ஆண்டில், சுமார் 36 மில்லியன் புசலாக இருந்த நெல் விளைச்சல் 1970 இல் 77 மில்லியனை எட்டியது.

பொருளியலாளர்கள் இதில் காண்பது விளிம்பு என்ற கருத்து. ஒருவர் இன்னும் கொஞ்சம் வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் விளைவிக்கலாமா என்று முடிவெடுப்பது கடைசி அலகின் விலையைப் பார்த்துத்தான். முதல் கொத்தை இலவசமாகக் கொடுத்தாலும் அந்த முடிவு பெரிதாக மாறாது, ஏனென்றால் முதல் கொத்து எப்படியும் உண்ணப்படுவது. ஆகவே நலத்தை முதல் அலகில் வைக்கலாம். ஊக்கத்தைக் கடைசி அலகில் விடலாம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத இடம் இதுதான்.

டட்லி 1970 தேர்தலில் தோற்றார். இரண்டு கொத்தும் தருவோம் என்றவர்கள் வென்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளை வடக்கில் முதியவர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். டொலர் இல்லாததால் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் தடுத்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தோட்டம் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். ஆனால் அதே ஆண்டுகளுக்கு மலையகத்தில் வேறு நினைவு. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலைகள் பலமடங்காகி, 1973 இல் பங்கீடு வெட்டப்பட்டது. மாவுக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு. மாவட்ட எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக்கூடத் தடை. வயலும் வளவும் இல்லாமல் முழுச் சாப்பாட்டையும் விலைக்கு வாங்கி வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் மேல்தான் அடி முழுதாக விழுந்தது.

1973 இல் ஆயிரம் பேருக்கு 7.7 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1974 இல் 9 ஆனது. ஒன்றரைக்குக் கீழான இந்த வேறுபாடு பார்ப்பதற்குச் சிறியது. அப்போது நாட்டின் சனத்தொகை ஒரு கோடி முப்பது இலட்சத்தளவு. பெருக்கிப் பார்த்தால் ஒரே ஆண்டில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட மேலதிக மரணங்கள். தோட்டப் பகுதிகளில் ஏற்றம் மற்ற இடங்களைவிட மிகக் கூர்மையாக இருந்தது. கூப்பன் அரிசி வீண் செலவு என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். 1946 இல் 43 ஆண்டளவில் இருந்த இலங்கையரின் ஆயுள் எதிர்பார்ப்பு, 1971 இல் 65 ஐத் தாண்டியது. மலேரியா ஒழிப்புக்கும் இலவச மருத்துவத்துக்கும் கல்விக்கும் அதில் பெரும் பங்கு உண்டு; எந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்று அமர்த்தியா சென்னும் சுர்ஜித் பல்லாவும் எண்பதுகளில் வாதாடினார்கள். எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும், அடித்தட்டு ஆட்டம் கண்ட ஆண்டில் மனிதர்கள் செத்தார்கள் என்பது அப்படியே இருக்கிறது.

பிறகு 1979 செப்ரெம்பரில் கூப்பன் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது, விலைகளைச் சந்தையிடம் விடுவது என்பது திட்டம். டின்பெர்கனின் கண்ணால் பார்த்தால் சரியான திசை: நலத்துக்கு ஒரு கருவி, ஊக்கத்துக்கு ஒரு கருவி. ஆனால் முத்திரையின் பெறுமதியை ரூபாவில் எழுதி, அப்படியே விட்டுவிட்டார்கள். விலைவாசி ஏறிய வேகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கரைந்துபோனது. நாடாளுமன்றத்தில் யாரும் வெட்டவில்லை; தெருவில் யாரும் ஹர்த்தால் செய்யவில்லை. கொத்து எந்தக் காலத்திலும் கொத்துத்தான், ரூபா அப்படியில்லை என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவும் ரூபாவிலேயே எழுதப்பட்டிருக்கிறது: மிக வறியவர் என்று வகுக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 15,000, வறியவருக்கு 8,500 என்று தொடங்கி, பிறகு கூட்டப்பட்டது. யாராவது மனம்வைத்துக் கூட்டும்வரை கரைந்துகொண்டே இருப்பதுதான் இதன் இயல்பு. அரிசி விலையோடு அதைக் கட்டிவைத்தால், முருங்கன் நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கும் மாதத்தில் வங்காலைக் குடும்பத்தின் கொடுப்பனவும் தானாக ஏறும். அப்போது அந்தப் பத்து ரூபாவுக்காக இரண்டு ஊரும் எதிரெதிரே நிற்க வேண்டியிராது.

பசளையின் கதை இதே பாடத்தின் மறுபக்கம். அதில் வேதியியலும் சேர்ந்துகொள்கிறது.

நெற்பயிருக்கு நைதரசன் வேண்டும். காற்றில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நைதரசன்தான். ஆனால் அந்த மூலக்கூறை உடைத்து எடுத்துக்கொள்ள நெல்லால் முடியாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஓர் ஐம்பது கிலோ பையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குவரை இருக்கும். ஒரு பை யூரியாவில் உள்ளதைக் கூட்டெருவால் கொடுக்க ஒன்றரைத் தொன் அளவு வேண்டும். அதுவும் முதல் போகத்திலேயே முழுதாகக் கிடைக்காது. யூரியாவிலும் விரயம் உண்டு. நீர் நிற்கும் வயலில் இட்டதில் பாதிக்கு மேல் வாயுவாகிப் பறந்தோ நீரோடு போயோ வீணாகும். பயிர் எடுப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதுதான்.

முதல் பை விளைச்சலைக் கிடுகிடுவென உயர்த்தும். இரண்டாவது பை அதைவிடக் குறைவாக. மூன்றாவதுக்குப் பிறகு பயிர் பச்சையாகத் தழைத்து, சாய்ந்து, பூச்சியை வரவழைக்கும். வரைந்து பார்த்தால் செங்குத்தாக எழுந்து மெல்லத் தட்டையாகும் ஒரு வளைகோடு. கமக்காரர் எங்கே நிறுத்துவார்? அடுத்த பையால் கிடைக்கும் நெல்லின் விலை, அந்தப் பையின் விலைக்குச் சமமாகும் இடத்தில். 2005 க்குப் பிறகு அரசாங்கம் ஐம்பது கிலோ பையை 350 ரூபாவுக்குக் கொடுத்தது. உலகச் சந்தையில் பசளை உச்சத்துக்குப் போன 2008 இலும் வயலில் அதே 350. அந்த விலையில் வளைகோட்டின் தட்டையான முனைவரை போட்டுக்கொண்டே போவதுதான் கணக்குக்குச் சரி. குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்று கொடுத்த பணம், கிணற்றிலும் குளத்திலும் கரையும் நைதரசனாகப் போனது.

2021 இல் இதற்கு நேர்மாறு நடந்தது. டொலர் வற்றிக்கொண்டிருந்தது; மானியச் செலவு கழுத்தை நெரித்தது; வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு இரசாயனம்தான் காரணம் என்ற அச்சமும் இருந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியே தடைசெய்யப்பட்டது. கையிருப்பு, மானியம், உடல்நலம் என்று மூன்று இலக்குகள். தடை என்று ஒரே கருவி. விலையைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் கமக்காரர் தட்டையான முனையில் வீணாகும் கடைசிப் பையைத்தான் விட்டிருப்பார். விளைச்சல் அதிகம் குறைந்திராது. தடையோ செங்குத்தான பகுதியில் இருந்த முதல் பையையும் சேர்த்துப் பறித்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். பெரும்போகம் அதற்குள் விதைத்தாயிற்று. 2020/21 பெரும்போகத்தில் சுமார் 31 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2021/22 இல் 19 இலட்சத்தை ஒட்டி நின்றது. பசளைக்குச் செலவிட மறுத்த டொலரை அரிசி வாங்கச் செலவிட நேர்ந்தது.

தெற்கில் பலருக்கு அது முதல் அனுபவம். வடக்கில் முதல் அனுபவம் அல்ல. தொண்ணூறுகளில், வடக்கில் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்து, பற்றரியோடு யூரியாவும் இருந்தது. வெடிபொருள் செய்யலாம் என்பது காரணம். நாட்டின் பாதுகாப்பு என்ற முன்னுரிமைக்காக வன்னி, மன்னார்ப் பெருநிலத்து வயல்கள் பசளையின்றி ஆண்டுக்கணக்காக விளைந்தன, அல்லது விளையாமல் கிடந்தன. நாட்டின் முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்கும்போது அதற்கு யார் வயலில் விலை கொடுக்கப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் இந்த மண்ணில் உள்ளவர்களுக்கு இருந்தால், அது பட்டு அறிந்தது.

இப்போது மானியம் பையாக அல்லாமல் பணமாக வருகிறது. 2016 இல் இதை முயன்று, 2018 இல் கைவிட்டு, நெருக்கடிக்குப் பிறகு மீண்டும் எடுத்தார்கள். 2024 பெரும்போகத்திலிருந்து ஹெக்டயருக்கு 25,000 ரூபா, வங்கிக் கணக்குக்கு. 1966 இன் இலவசக் கொத்தில் இருந்த அதே அறிவு இதிலும் இருக்கிறது. எத்தனை பை போட்டாலும் கிடைக்கும் தொகை ஒன்றுதான்; கடைசிப் பையின் விலையைக் கமக்காரர் தன் கையிலிருந்து கொடுக்கிறார்; ஆகவே அது தேவையா என்று யோசிக்கிறார். குடும்பத்துக்கு உதவியும் போகிறது, மண்ணும் தப்புகிறது. குறை ஒன்று உண்டு. பணம் காணிப் பதிவின் வழியே நடக்கிறது. போரில் உறுதி தொலைந்தவர், வாய்மொழிக் குத்தகைக்குச் செய்பவர், பிறர் வயலில் கூலிக்கு நாற்று நடும் பெண், இவர்களை அது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. அவர்களுக்கு வேறொரு கருவி வேண்டும்.

தண்ணீரிலும் இதே வகைத் தீர்வு உண்டு. அதை எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு நூறு ரூபா கட்டணம் என்று 1984 இல் அரசாங்கம் தொடங்கிய முயற்சி சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. தண்ணீருக்கு விலை இல்லை. விலை இல்லாவிட்டால் தலைவாய்க்கால்காரர் வாரி எடுப்பார், கடைவாய்க்கால்காரர் காய்வார் என்றுதான் பாடப்புத்தகம் எதிர்பார்க்கும். ஆனால் குளத்தில் முழு வயலுக்கும் தண்ணீர் போதாத சிறுபோகத்தில், கிடைக்கும் நீருக்கேற்ப ஒரு பரப்பை மட்டும் தெரிந்து, பெரும்போகக் காணியின் அளவைப் பார்த்து அதற்குள் எல்லோருக்கும் பங்கு பிரிக்கும் வழக்கம் இலங்கையின் குளத்து ஊர்களில் பழையது. வயல் எங்கே இருக்கிறது என்பது ஒருபுறம், தண்ணீரில் எவ்வளவு உரிமை என்பது மறுபுறம் என்று பிரித்துவிட்டார்கள். உரிமை உறுதியானதால் சண்டை குறைந்தது. பரப்பு ஒரே இடத்தில் குவிந்ததால் வாய்க்காலில் விரயமும் குறைந்தது. பொதுவளங்களை மக்கள் தாமே ஆள்வது பற்றிய ஆய்வுக்காக 2009 இல் நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், 1990 இல் வெளியிட்ட நூலில் இலங்கையின் நீர்ப்பாசனத் திட்டங்களையும் மீன்பிடியையும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

இத்தனையும் தெரிந்த நாட்டில் இன்னும் சரிசெய்யாமல் இருக்கும் ஒன்று நெல் விலையின் நேரம். 2025 இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று கொள்முதல் விலை வைத்தது. அப்போது நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230. ஒன்றரைக் கிலோ நெல்லுக்கு 180 போனால், அவிக்கவும் காயவைக்கவும் குத்தவும் ஏற்றவும் விற்கவும் மிஞ்சுவது ஐம்பது. இந்த எண்கள் சரியா என்று வாதாடலாம். எனக்குப் பெரிதாகப்படுவது, 120 என்ற எண் வெளிவந்த மாதம். அது பெப்ரவரி, பல மாவட்டங்களில் அரிவு வெட்டு தொடங்கியாயிற்று. ஒக்ரோபரில் விதைத்தவருக்கு அது எந்த ஊக்கத்தையும் கொடுத்திருக்க முடியாது. எவ்வளவு விதைப்பது, எவ்வளவு கடன் எடுப்பது, எந்த இனத்தைப் போடுவது என்ற முடிவுகள் அதற்கு நாலு மாதம் முந்தியவை. அறுவடைக்குப் பிறகு சொல்லப்படும் விலை ஒரு நிவாரணம். விதைப்புக்கு முன் சொல்லப்படும் விலைதான் ஊக்கம். ஒரே செலவில் இரண்டாவதைப் பெறக்கூடிய இடத்தில் முதலாவதை மட்டும் பெற்றுக்கொண்டிருக்கிறோம்.

கட்டுக்கரையின் கீழ் பெரும்போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபரும் நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பை முடிக்கும் திகதி, கால்நடைகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள். அந்தப் போகத்து நெல்லுக்கு நெல் சந்தைப்படுத்தும் சபை கொடுக்கப்போகும் குறைந்தபட்ச விலையும் அந்தத் தீர்மானங்களோடு, விதை மண்ணில் விழுவதற்கு முன், அதே மண்டபத்தில் வாசிக்கப்பட வேண்டும்.